ரசமட்டம்

தட்டிப் பார்த்தாலே சுவர் என்னிடம் சொல்லிவிடும்.
ஔலு நகரின் இந்தப் பழைய குடியிருப்புகள்
எல்லாம் கான்கிரீட்.
ஆணி உள்ளே போகாது,
பக்கத்து வீட்டு இருமல் மட்டும் வெளியே வரும்.

மூன்றாம் மாடி. நவம்பர்.
பிற்பகல் மூன்றுக்கே தெருவிளக்கு எரிகிறது.
காலணியைக் கழற்றிவிட்டு
துளைப்பானோடு நிற்கிறேன்.
படுக்கையறைக்கு டிவி வேண்டும் என்பது ராய்லி.
முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்;
இன்னமும் திரும்புமுன்
தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்க்கிறார்.

வேண்டாம் என்பது வெய்க்கோ.
காகித ஆலை தின்றது போக மீந்த காது அவருக்கு.
கேள்வியை இரண்டு தரம் கேட்டுவிட்டு
மூன்றாம் தரம் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்.
"ஹாலில் நன்றாகத்தானே இருக்கிறது,
எதற்குச் சுவரை ஓட்டை போட?"

எத்தனை படுக்கையறை பார்த்துவிட்டேன்.
அது இருந்தால் தூக்கம் கெடும் என்பாள் ஒருத்தி.
இல்லாவிட்டால் தூக்கமே வராது என்பான் அவன்.
பேசி முடிக்கட்டும் என்று மாடிப்படியில் உட்கார்ந்து
மதியச் சாப்பாட்டையே முடித்திருக்கிறேன்.
கூலி மணிக்கணக்கு; எனக்கென்ன.
ஆனால் ஆறு மணிக்கு மேல் இங்கே துளைக்கக் கூடாது,
வாசலில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பகலில் கூசும்.
கோடையில் இரவிலும் கூசும், இந்த ஊரில்.
அலமாரிப் பக்கம் கதவு இடிக்கும்.
மூலையில் மாட்டினால் வெய்க்கோ பக்கத்துக்கு மட்டும் தெரியும்.
"அதுதான் வேண்டும்" என்றார் ராய்லி.
"நீங்கள் பார்க்க மாட்டீர்களா?"
"எனக்கு எதற்கு?"

பிறகு வெய்க்கோ காபி போடப் போன நேரத்தில்,
கிசுகிசுப்பாக அல்ல, சாதாரணக் குரலில்
(அவருக்குத்தான் கேட்காதே) சொன்னார்:
நாலு வருடம் முன்பு எனக்கு ஒரு காய்ச்சல்.
ஒட்டிக்கொள்ளும் என்று சோபாவில் போய்ப் படுத்தார்.
காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது.
டிவி அங்கேதானே இருக்கிறது.
அதை இங்கே கொண்டுவந்தால்...

இறங்க யாரும் இல்லாத நிறுத்தத்தில் போல
ஒரு கணம் நின்று
போர்வைச் சுருக்கத்தை நீவிவிட்டார்.

காபி வந்தது, ஏலக்காய் பன்னோடு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"கண் மட்டம் பார்க்கணும்,
ரெண்டு பேரும் படுங்கள்" என்றேன்.
ஒருவர் படுத்தாலே போதும்.
அது எனக்குத் தெரியும்.

வெய்க்கோ கம்பளிச் சட்டையோடு படுத்தார்,
எக்ஸ்ரே எடுக்க வந்தவர் மாதிரி.
ராய்லி அந்தப் பக்கம்.
நடுவில் இரண்டு மெத்தைகள் சேருகிற பள்ளம்.
நான் சுவரில் கோடு போட்டேன்.
"உயரமா?"
பதில் இல்லை.
"இறக்கவா?"
"மேலே இந்த விரிசல் எப்போது வந்தது?" என்றார் வெய்க்கோ.
"போன வருடம்."
"சொல்லவே இல்லையே."
"சொன்னேன்."

கொஞ்ச நேரம் இருவரும் விரிசலையே பார்த்தார்கள்.
கீழே யாரோ காருக்கு
குளிர்காலச் சக்கரம் மாட்டுகிற சத்தம்.
மணி ஐந்தரை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு" என்றார் கடைசியில்.
என்னிடமா, ராய்லியிடமா, தெரியவில்லை.
இரண்டு பேருமே தள்ளினோம்.

மூன்றாவது துளையில் உள்கம்பி இடித்தது.
இரண்டு விரற்கடை நகர்த்த வேண்டியதாயிற்று.
ரசமட்டத்தில் குமிழி நடுவில்தான் நிற்கிறது;
டிவி சுவருக்கு நடுவிலும் இல்லை,
மூலையிலும் இல்லை.
"பரவாயில்லை" என்று ராய்லி கையெழுத்துப் போட்டார்.
ரிமோட்டை எடுத்து
தன் தலையணைக்கு அடியில் வைத்தார்.

வெளியே வரும்போது ஹாலைக் கடந்தேன்.
டிவி இருந்த இடத்தில் தூசியால் ஒரு கட்டம்.
சோபா இன்னமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

லிஃப்ட் கண்ணாடியில் என் முழங்கை வெள்ளை.
நாளைக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
ஒற்றை ஆள், ஒரே அறை.
எங்கே மாட்டுவது என்று
அங்கே யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.
பத்து நிமிட வேலை.